லினக்ஸ் திரையில் எழுத்துரு படுத்தும் பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸோ பிஎஸ்டியோ, டெஸ்க்டாப்பாகப் பயன்படுத்துகிறவர்கள் எழுத்துரு பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. திரையை எக்ஸ் விண்டோ அமைப்பு நடத்தினாலும் வேலண்ட் நடத்தினாலும் பெரும்பாலானவை பொருந்தும். பொருந்தாத இடத்தில் சொல்லிவிடுகிறேன். கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். 'எஃப்சி-மேட்ச்' என்றால் எஃப், சி, நடுவில் ஒரு கோடு, பிறகு மேட்ச்.

எழுத்து சரியாகத் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

அமைப்புகளில் கை வைப்பதற்கு முன்னால் பிழை எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்று பாருங்கள். ஓர் எழுத்து திரைக்கு வருவதற்குள் நாலு கை மாறுகிறது. முதலில் எழுத்துருக் கோப்பு வட்டில் இருக்க வேண்டும். அப்புறம், செயலி கேட்ட பெயருக்கு எந்தக் கோப்பைக் கொடுப்பது என்று ஃபான்ட்கான்ஃபிக் முடிவு செய்கிறது. அந்தக் கோப்பில் உள்ள வடிவங்களில் எதை எடுத்து எங்கே வைப்பது என்பது ஹார்ஃப்பஸ்ஸின் வேலை. 'க'வும் உகரக் குறியும் ஒட்டி 'கு' ஆவது இங்கேதான். கடைசியாக அந்த வளைகோடுகளைப் பிக்சல்களாக நிரப்பிக் கொடுப்பது ஃப்ரீடைப்.

அறிகுறியே பாதி விடையைச் சொல்லிவிடும். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் முதல் இரண்டில் கோளாறு. எழுத்து தெரிகிறது, ஆனால் நீங்கள் கேட்ட சாயலில் இல்லை என்றால் இரண்டாவது. கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் மூன்றாவது. மங்கல், பிசிறு, ஓரத்தில் நிறம் கசிவது எல்லாம் நாலாவது. நான் பார்த்தவரை பலரும் நேராக நாலாவதற்குப் போய் மணிக்கணக்கில் திருகுகிறார்கள். கோளாறு இரண்டாவதில் உட்கார்ந்திருக்கும்.

எழுத்துக்குப் பதில் சதுரக் கட்டங்கள். உள்ளே குட்டி எண்கள் வேறு இருக்கின்றன. அவை என்ன?

அந்த எண்களைப் படியுங்கள், அவைதான் தடயம். ஜிடிகே என்ற கருவித்தொகுப்பில் எழுதிய செயலிகளுக்கு எழுத்து வரைந்து தரும் பாங்கோ நூலகம், வடிவம் கிடைக்காத எழுத்தின் யூனிகோட் எண்ணைக் கட்டத்துக்குள் எழுதிக் காட்டும். மேல் வரியில் பூஜ்யமும் பி-யும், கீழ் வரியில் 9-ம் 5-ம் இருந்தால் அது 'க'. பூஜ்யம், பி என்று தொடங்கி, கீழ் வரியின் முதல் இடத்தில் 8, 9 அல்லது ஏ முதல் எஃப் வரை ஏதேனும் இருந்தால் தமிழ் எழுத்து. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களும் அங்கேதான் இருக்கின்றன. எண் ஈ-யில் தொடங்கினால் அது தனிப்பயன் பகுதி. ஐகான் எழுத்துருக்களும், டேஸ்-16 என்ற தனிக் குறியாக்க முறையில் அடித்த தமிழும் அந்தப் பகுதியில் வரும். அதற்கு உரிய எழுத்துரு இருந்தால்தான் தெரியும். நோட்டோ போன்ற வழக்கமான யூனிகோட் எழுத்துருவை எத்தனை முறை நிறுவினாலும் பலன் இருக்காது.

தமிழ் எழுத்து என்று உறுதியானால் டெர்மினலில் எஃப்சி-லிஸ்ட் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, முக்காற்புள்ளி, லாங், சமக்குறி, டிஏ என்று சேர்த்து அடியுங்கள். தமிழ் தெரிந்த எழுத்துருக்களின் பட்டியல் வரும். காலியாக இருந்தால் நிறுவிக்கொள்ளுங்கள். டெபியன், உபுண்டுவில் ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர் பொதியில் நோட்டோ தமிழ் அடங்கியிருக்கிறது. லோஹித் தமிழ் தனிப் பொதியாகக் கிடைக்கிறது. அந்தக் காலிக் கட்டங்களுக்கு டோஃபு என்றுதான் பெயர். 'டோஃபு வேண்டாம்' என்பதிலிருந்து வந்ததுதான் நோட்டோ என்ற பெயர்.

பட்டியலில் எழுத்துரு இருக்கிறது, ஆனாலும் ஒன்றிரண்டு எழுத்துகள் மட்டும் கட்டமாக வருகின்றன என்றால் அந்த எழுத்துரு பழையது. 'ஶ' யூனிகோடில் சேர்ந்ததே 2005-இல்தான். அதற்கு முந்திய எழுத்துருவில் அது இருக்க வாய்ப்பில்லை. இன்னொன்றும் உண்டு. ஒரு மொழிக்குத் தேவையான எழுத்துகள் என்று ஃபான்ட்கான்ஃபிக் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் ஏதாவது குறைந்தால் அந்த எழுத்துருவைத் தமிழ் என்றே அது கணக்கில் எடுக்காது. கண்ணுக்கு முழுத் தமிழ் எழுத்துருவாகத் தெரிவது பட்டியலில் வராமல் போவதற்கு இதுதான் காரணம்.

எழுத்துருவை நகலெடுத்து வைத்துவிட்டேன். எந்தச் செயலியிலும் வரவில்லையே?

இடம் சரியா என்று முதலில் பாருங்கள். உங்களுக்கு மட்டும் என்றால், உங்கள் முகப்புக் கோப்புறையில் முன்னால் புள்ளி வைத்த 'லோக்கல்', அதற்குள் 'ஷேர்', அதற்குள் 'ஃபான்ட்ஸ்'. பழைய குறிப்புகள் சொல்லும் புள்ளி-ஃபான்ட்ஸ் கோப்புறையைக் கைவிட்டுவிடுவது நல்லது. கணினியில் உள்ள எல்லோருக்கும் என்றால் யுஎஸ்ஆர், லோக்கல், ஷேர், ஃபான்ட்ஸ். நடுவில் 'லோக்கல்' இல்லாத பாதை பொதி மேலாளருடையது. அதில் நாம் எதையும் போட வேண்டாம்.

பிறகு எஃப்சி-கேஷ் கட்டளையை 'எஃப்', 'வி' என்ற இரண்டு தெரிவுகளோடு ஓட்டுங்கள். ஒவ்வொரு கோப்புறையிலும் எத்தனை எழுத்துருக்களைக் கண்டது என்று வரிவரியாகச் சொல்லும். உங்கள் கோப்புறைக்கு நேராக பூஜ்யம் என்று வந்தால் இடமோ, அனுமதியோ, கோப்போ கெட்டிருக்கிறது. எண் சரியாக வந்தால் செயலியை மூடித் திறந்தாலே போதும்.

அனுமதி விஷயம் எளிதில் கண்ணில் படாது. நண்பர் ஒருவர் கணினியில் இப்படித்தான் நடந்தது. சுடோ போட்டு, அதாவது ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் உரிமையில், எழுத்துருவை நகலெடுத்திருந்தார். ரூட் கணக்கில் எஃப்சி-லிஸ்ட் ஓட்டினால் பெயர் வருகிறது, அவர் கணக்கில் ஓட்டினால் வரவில்லை. எழுத்துருவே கெட்டுவிட்டது என்று மூன்று முறை திரும்பப் பதிவிறக்கியிருந்தார். எல்எஸ் கட்டளையை 'எல்' தெரிவோடு ஓட்டிப் பார்த்தோம்: கோப்பின் அனுமதி 600. அதாவது ரூட்டைத் தவிர யாருமே படிக்க முடியாது. கோப்புக்கு 644, கோப்புறைக்கு 755 என்று மாற்றியதும் அந்த நொடியே வந்துவிட்டது.

ஏற்கெனவே இருந்த எழுத்துருவின் மேலேயே அதே பெயரில் புதிய பதிப்பை எழுதியவர்களுக்கு வேறொரு தொல்லை. கோப்புறையின் மாற்ற நேரத்தை வைத்துத்தான் ஃபான்ட்கான்ஃபிக் தன் கேஷ், அதாவது முன்பே எடுத்து வைத்த எழுத்துருக் குறிப்பு, பழசா புதுசா என்று பார்க்கிறது. கோப்பின் உள்ளடக்கம் மட்டும் மாறினால் கோப்புறையின் நேரம் மாறாது. அதனால்தான் எஃப்சி-கேஷுக்கு 'எஃப்' தெரிவைக் கொடுத்துக் கட்டாயப்படுத்தச் சொல்கிறேன்.

நான் கேட்டது ஓர் எழுத்துரு, திரையில் வருவது இன்னொன்று. பிழைச் செய்தியும் இல்லை. ஏன்?

ஃபான்ட்கான்ஃபிக் 'இல்லை' என்று சொல்லவே சொல்லாது. கேட்ட பெயர் இல்லாவிட்டால் இருப்பதில் நெருக்கமானதை எடுத்துக் கொடுத்துவிடும். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் இதே கதைதான். எதைக் கொடுக்கிறது என்று தெரிந்துகொள்ள எஃப்சி-மேட்ச் போட்டு, நீங்கள் கேட்கும் பெயரை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். வரும் விடைதான் செயலிக்கும் கிடைக்கிறது. 'எஸ்' தெரிவு சேர்த்தால் முதல் தேர்வு, அது இல்லாவிட்டால் அடுத்தது என்று முழு வரிசையும் வரும். எழுத்துரு விஷயத்தில் ஒரே ஒரு கட்டளையைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

தேர்வை மாற்ற, முகப்புக் கோப்புறையில் புள்ளி-கான்ஃபிக், அதற்குள் ஃபான்ட்கான்ஃபிக், அதற்குள் ஃபான்ட்ஸ்.கான்ஃப் என்ற கோப்பை எழுத வேண்டும். எக்ஸ்எம்எல் வடிவம். மொழி தமிழாக இருந்தால், கேட்ட பெயர்களுக்கு முன்னால் இந்த எழுத்துருவைச் சேர் என்று ஒரு விதி போதும். பலரும் தவறவிடும் இடம், விதியில் 'பைண்டிங்' என்ற பண்புக்கு 'ஸ்ட்ராங்' என்று மதிப்புக் கொடுப்பது. அதைக் கொடுக்காவிட்டால் பெயர் தளர்வாகக் கட்டப்பட்டதாகக் கணக்கு. தளர்வான பெயரைவிட மொழிப் பொருத்தத்துக்குத்தான் ஃபான்ட்கான்ஃபிக் முன்னுரிமை தரும். அப்போது உங்கள் விதி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

வரிசையும் முக்கியம். இடிசிக்குள் ஃபான்ட்ஸ், அதற்குள் கான்ஃப்.டி என்ற கோப்புறையில் உள்ள விதிகள் எண் வரிசைப்படி படிக்கப்படும். உங்கள் சொந்தக் கோப்பு 50-ஆம் எண்ணில் உள்ளே வருகிறது. பொதுவான மாற்றுப்பெயர்கள் 60-க்கு மேல். ஆக உங்கள் விருப்பம் அவற்றுக்கு முன்னால் நிற்கும், பயப்பட வேண்டாம். எக்ஸ்எம்எல்லில் ஓர் அடைப்பை மூட மறந்தால் விதிகள் ஏறாது. டெர்மினலில் எஃப்சி-மேட்ச் ஓட்டினால் எந்த வரியில் தவறு என்று அதுவே புலம்பும்.

உலாவிகளுக்குத் தனி அமைப்பு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸில் எழுத்துரு அமைப்பின் மேம்பட்ட பகுதியில் தமிழுக்கென்றே தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு பக்கத்தில் உண்மையில் எந்த எழுத்துரு வேலை செய்கிறது என்று பார்க்க, உருவாக்குநர் கருவிகளில் எழுத்துருத் தாவல் இருக்கிறது.

கொம்பு எழுத்துக்குப் பின்னால் போகிறது, 'கொ' உடைந்து தெரிகிறது, புள்ளி வட்டம் வருகிறது. எழுத்துரு கெட்டுவிட்டதா?

இருக்கலாம், ஆனால் மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒரே மாதிரி தெரியும் இடம் இது. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, பிறகு எகரக் குறி என்றுதான் சேமிக்கப்படுகிறது. உச்சரிக்கும் வரிசை அது. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோவது ஹார்ஃப்பஸ். 'கொ'வில் இன்னும் கூடுதல் வேலை: ஒகரக் குறி ஒரே எண், திரையில் அது இரண்டாகப் பிரிந்து கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் போக வேண்டும். உகர வரிசையோ எழுத்துக்கு எழுத்து வேறு வடிவம். கு, சு, டு, நு நான்கையும் எழுதிப் பாருங்கள், ஒன்றின் வளைவு இன்னொன்றுக்கு வராது. இதற்கான அட்டவணை எழுத்துருவுக்குள் இருக்க வேண்டும், அதைப் படிக்கத் தெரிந்த செயலியும் வேண்டும்.

ஆகவே முதல் கேள்வி: எல்லாச் செயலியிலும் இப்படியா, ஒன்றில் மட்டுமா? ஒன்றில் மட்டும் என்றால் குற்றவாளி அந்தச் செயலி. எக்ஸ்டெர்ம், பழைய அதீனா வகைச் செயலிகள், சில விளையாட்டுகள் வடிவமாக்கலே செய்யாமல் எழுத்துகளை வரிசையாக அடுக்கிவிடும். எல்லாச் செயலியிலும், ஆனால் ஒரே ஓர் எழுத்துருவில் மட்டும் என்றால் அந்த எழுத்துருவில் தமிழ் அட்டவணை இல்லை அல்லது தவறாக இருக்கிறது. சந்தேகம் தீர எச்பி-வியூ கட்டளைக்கு எழுத்துருக் கோப்பையும் ஒரு சொற்றொடரையும் கொடுங்கள். ஃபான்ட்கான்ஃபிக், செயலி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஹார்ஃப்பஸ் நேரடியாக வரைந்து காட்டும். நான் எப்போதும் கொடுப்பது 'தூங்கும் கோழியும் நூறு கௌதாரியும்'. ஊகாரம், ஓகாரம், ஔகாரம், உகரம் எல்லாம் அதில் அடங்கிவிடுகின்றன.

எல்லா இடத்திலும் எல்லா எழுத்துருவிலும் புள்ளி வட்டம் வந்தால் எழுத்துருவில் கோளாறு இல்லை, உரையில்தான். தட்டச்சுப்பொறிப் பழக்கத்தில் கொம்பை முதலில் அடித்தவர்களின் உரையில் இது நிறைய வரும். கொம்பு ஒட்டிக்கொள்ள முன்னால் மெய் இல்லாததால் வட்டத்தை மெய்யாகப் பாவித்து ஹார்ஃப்பஸ் காட்டுகிறது. அதைவிடத் தந்திரமானது ஔகாரம். 'கௌ' என்பதற்குப் பதில் 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' அடித்தால் பல எழுத்துருக்களில் பார்க்க வித்தியாசமே தெரியாது. தேடினால் மட்டும் கிடைக்காது. உரையைத் திருத்துவதுதான் ஒரே வழி.

பழைய ஆவணத்தைத் திறந்தால் தமிழ் வரவில்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கிறது. எந்த எழுத்துரு நிறுவ வேண்டும்?

எந்த எழுத்துருவும் வேண்டாம், உரையை மாற்றுங்கள். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தார்கள். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து குறிகள் ஒட்டி நின்றால் அது பாமினி என்ற அத்தகைய எழுத்துருவில் அடித்த 'தமிழ்'. அந்த எழுத்துருவை நிறுவினால் கண்ணுக்குத் தமிழ் தெரியும், ஆனால் கணினிக்கு அது இன்னமும் ஆங்கிலம்தான். தேட முடியாது, வரிசைப்படுத்த முடியாது, நகலெடுத்து ஒட்டினால் பழையபடி குப்பை. எழுத்துரு மாற்றிகள் நிறைய இருக்கின்றன. ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றிச் சேமித்துவிட்டு மூலத்தைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். மாற்றிகள் சில நேரம் ஔகாரத்திலும் 'ஸ்ரீ'யிலும் தடுமாறும் என்பதால் ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

எழுத்துகள் மங்கலாக, பிசிறாக இருக்கின்றன. என்ன செய்வது?

ஒரு திரைப்பிடிப்பு எடுங்கள். அதை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். பிடிப்பில் எழுத்து கூர்மையாக இருந்து, திரையில் மட்டும் மங்கலாக இருந்தால் எழுத்துருவைத் தொடாதீர்கள். மானிட்டர் தன் இயல்பான தெளிவுத்திறனில் ஓடவில்லை, அல்லது கேபிள் வழியாகப் படம் சுருங்கிப் போகிறது.

பிடிப்பிலும் மங்கலாக இருந்தால், வேலண்டில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். வேலண்டில் பழைய எக்ஸ் செயலிகள் எக்ஸ்வேலண்ட் என்ற இடைத்தளத்தில் ஓடுகின்றன. 125 சதவீதம், 150 சதவீதம் என்று பின்ன அளவில் பெரிதாக்கினால் அவற்றின் சாளரம் முழுவதும் படமாக இழுக்கப்பட்டு மங்கிவிடும். எந்தச் செயலி அப்படி ஓடுகிறது என்று தெரிய எக்ஸ்ஐஸ் என்ற அந்தப் பழைய கண் நிரலை ஓட்டிவிட்டு, சுட்டியைச் சந்தேகப்பட்ட சாளரத்தின் மேல் அசையுங்கள். கண்கள் பின்தொடர்ந்தால் அது எக்ஸ் செயலி. அதை வேலண்டில் நேரடியாக ஓடச் செய்வதுதான் மருந்து.

பெரிதாக்கிய பிடிப்பில் எழுத்தின் ஓரம் சிவப்பும் நீலமுமாக இருந்தால் துணைப்பிக்சல் முறை, அதாவது ஒரு பிக்சலுக்குள் உள்ள நிறத் துண்டுகளைத் தனித்தனியே பயன்படுத்தும் முறை, வேலை செய்கிறது. அது தவறில்லை. நிறம் வெறும் கண்ணுக்கே தெரிந்தால் வரிசை பொருந்தவில்லை. மானிட்டரை நெடுவாக்கில் திருப்பி வைத்திருந்தால் துணைப்பிக்சல்கள் மேலிருந்து கீழாக நிற்கும், அதற்கான தெரிவு தனி. ஓஎல்இடி திரைகளில் பலவற்றின் அடுக்கே வேறு. இந்த இடங்களில் சாம்பல் நிற மென்மையாக்கலுக்குப் போய்விடுங்கள்.

அடுத்தது ஹின்டிங், அதாவது வளைகோடுகளைப் பிக்சல் கட்டத்தோடு பொருத்துவது. தமிழுக்கு 'ஸ்லைட்' போதும் என்பது என் உறுதியான கருத்து. அது செங்குத்துத் திசையில் மட்டும் சரிசெய்கிறது, அகலம் கெடாது. 'ஃபுல்' வைத்தால் 'ண', 'ஞ' போன்ற சுழிகள் நெளிந்து போகும். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்கு அவ்வளவு நுணுக்கமாகக் கையால் ஹின்டிங் எழுதப்படவும் இல்லை.

இணையத்தில் இன்னும் சுற்றும் பழைய அறிவுரை ஒன்று, ஃப்ரீடைப்பை ஒட்டுப்போட்டுத் திரும்பத் தொகுக்கச் சொல்லும். ஹின்டிங் மீதான ஆப்பிளின் காப்புரிமைகள் 2010 மே மாதம் காலாவதியாகிவிட்டன, அதே ஆண்டு வந்த 2.4 பதிப்பிலிருந்தே ஃப்ரீடைப்பில் அது இயல்பாக இயங்குகிறது. அந்த ஒட்டுகள் இப்போது தேவையில்லை.

அமைப்பை மாற்றினேன். சில செயலிகள் மட்டும் கேட்கின்றன, சில கேட்கவில்லை.

மென்மையாக்கல் அமைப்பு மூன்று இடங்களில் இருக்கிறது: எக்ஸ் ரிசோர்சஸ் கோப்பில் எக்ஸ்எஃப்டி என்று தொடங்கும் வரிகள், டெஸ்க்டாப் நடத்தும் எக்ஸ்செட்டிங்ஸ், அப்புறம் ஃபான்ட்கான்ஃபிக். ஜிடிகே செயலிகள் எக்ஸ்செட்டிங்ஸை நம்பும். ஐ3, ஓப்பன்பாக்ஸ் என்று சாளர மேலாளர் மட்டும் வைத்திருப்பவர்களிடம் எக்ஸ்செட்டிங்ஸை நடத்த யாரும் இல்லாததால் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி தெரியும். எக்ஸ்செட்டிங்ஸ்டி என்ற சிறிய நிரலை ஓட விட்டு, மூன்று இடத்திலும் ஒரே மதிப்பை வையுங்கள். ஜிடிகே 4 செயலிகளில் துணைப்பிக்சல் நிறத்தை எதிர்பார்க்க வேண்டாம். அவை சாம்பல் நிறத்தில்தான் மென்மையாக்கும். ஜாவா செயலிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஜாவாவின் மென்மையாக்கல் தெரிவைச் சூழல் மாறியில் வைத்துவிடலாம்.

எழுத்து எறும்பு மாதிரி சிறிதாகவோ, ராட்சச அளவிலோ வருகிறது.

ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி. திரை அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று கணினி நினைத்தால் 12 புள்ளி எழுத்து 16 பிக்சல் உயரம். 144 என்று நினைத்தால் 24. உங்கள் மானிட்டர் எப்படியிருந்தாலும் எக்ஸ் சேவையகம் வழக்கமாக 96 என்றே சொல்லும். எக்ஸ்டிபிஒய்இன்ஃபோ ஓட்டிப் பார்த்தால் தெரியும். செயலிகள் பார்ப்பது எக்ஸ் ரிசோர்சஸில் உள்ள எக்ஸ்எஃப்டி.டிபிஐ மதிப்பை. ராட்சச எழுத்துக்குக் காரணம் பெரும்பாலும் இரட்டைப் பெருக்கல்: அந்த மதிப்பையும் 192 ஆக்கி, ஜிடிகே-ஸ்கேல் (GDK_SCALE) சூழல் மாறியையும் 2 ஆக்கினால் எழுத்து நாலு மடங்காகிவிடும். ஒன்றை மட்டும் வையுங்கள்.

சில இணையப் பக்கங்களில் மட்டும் ஆங்கில எழுத்து படிக்கட்டு மாதிரி இருக்கிறது.

அந்தப் பக்கம் ஹெல்வெட்டிகா கேட்டிருக்கும். எக்ஸின் பழைய பிட்மேப் எழுத்துருக்களில் அதே பெயரில் ஒன்று உண்டு, ஃபான்ட்கான்ஃபிக் அதைப் பிடித்துக்கொடுத்துவிடுகிறது. ஃபான்ட்கான்ஃபிக்கோடு வரும் விதிகளில் 70 என்ற எண்ணோடு 'நோ-பிட்மேப்ஸ்' என்று தொடங்கும் பெயரில் ஒன்று இருக்கும். அதைக் கான்ஃப்.டி கோப்புறையில் இணைத்துவிட்டு கேஷைப் புதுப்பித்தால் தீர்ந்தது.

தடித்த எழுத்தில் தமிழ் மை கொட்டியது போல அடைத்துக்கொள்கிறது.

அந்த எழுத்துருக் குடும்பத்தில் தடித்த கோப்பு இல்லை. இல்லாததை ஈடுகட்ட, சாதாரண வடிவத்தையே சுற்றிலும் தடிக்க வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஓரளவு ஒப்பேற்றலாம். தமிழில் 'ணை', 'ஐ', 'இ' போன்றவற்றின் உள்வெளி சின்னது, உடனே மூடிக்கொள்ளும். எஃப்சி-லிஸ்ட்டில் அந்தக் குடும்பத்துக்கு 'போல்ட்' என்று தனி வரி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் நோட்டோ போலத் தடித்த வடிவம் தனியாக வரைந்த குடும்பத்துக்கு மாறுங்கள்.

டெர்மினலில் பல வருடமாக வைத்திருந்த பிட்மேப் எழுத்துரு, மேம்படுத்தலுக்குப் பிறகு காணாமல் போய்விட்டது.

2019-இல் வந்த பாங்கோ 1.44 பதிப்பு முழுக்க ஹார்ஃப்பஸ்ஸுக்கு மாறியது. அதோடு பிடிஎஃப் (BDF), பிசிஎஃப் (PCF) வகைப் பிட்மேப்களுக்கும் டைப் 1 எழுத்துருக்களுக்கும் ஆதரவு நின்றது. அந்தக் கூர்மையான சின்ன எழுத்தில் நாள் முழுக்க நிரல் எழுதியவர்களுக்கு அது பெரிய இழப்பு, அந்தக் கோபம் நியாயமானது. வழி இருக்கிறது: அதே பிட்மேப்பை ஓப்பன்டைப் உறைக்குள் போட்டு ஓடிபி (OTB) கோப்பாக மாற்றினால் பாங்கோ ஏற்றுக்கொள்ளும். ஃபான்ட்ஃபோர்ஜ் செய்து தரும், எக்ஸ்.ஆர்க்கின் ஃபான்ட்டோஎஸ்எஃப்என்டி கருவியும் செய்யும். பிரபலமான பல பிட்மேப் எழுத்துருக்களுக்கு இப்போது வழங்கல்களே ஓடிபி பதிப்பைப் பொதியாகத் தருகின்றன.

டெர்மினலில் தமிழ் சிதைவது வேறு விஷயம். டெர்மினல் ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அகலக் கட்டத்தில் அடைக்கப் பார்க்கிறது. 'கௌ' ஒரு கட்டத்தில் எப்படி அடங்கும்? தமிழ் அதிகம் பார்ப்பவர்கள் எம்எல்டெர்ம் அல்லது கான்சோல் முயன்று பாருங்கள். டெர்மினலில் தெரிவதை வைத்து எழுத்துருவை மட்டும் எடை போடாதீர்கள்.

பழைய எக்ஸ் செயலி 'எழுத்துரு கிடைக்கவில்லை' என்கிறது. எஃப்சி-லிஸ்ட்டில் எழுத்துரு இருக்கிறதே?

அந்தச் செயலிக்கு ஃபான்ட்கான்ஃபிக் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எக்ஸ் 1984-இல் எம்ஐடியில் பிறந்தது, 11-ஆம் பதிப்பு 1987-இல். அந்தக் காலத்தில் எழுத்துருவை வைத்திருந்ததும் வரைந்ததும் எக்ஸ் சேவையகம்தான். பதினான்கு பகுதிகளை நடுக்கோட்டால் கோத்த நீளப் பெயரில் செயலி கேட்கும். சேவையகம் தன் எழுத்துருப் பாதையில் தேடும். எக்ஸ்எல்எஸ்ஃபான்ட்ஸ் அந்தப் பட்டியலைக் காட்டும், எக்ஸ்செட் கட்டளையின் 'க்யூ' தெரிவு பாதையைக் காட்டும்.

பெரும்பாலும் 75டிபிஐ, 100டிபிஐ பொதிகளை நிறுவாததுதான் காரணம். நீங்களே கோப்புறை சேர்ப்பதாக இருந்தால் முதலில் அதில் எம்கேஃபான்ட்ஸ்கேல், பிறகு எம்கேஃபான்ட்டிர் ஓட்ட வேண்டும். அவை உருவாக்கும் ஃபான்ட்ஸ்.டிர் கோப்பு இல்லாவிட்டால் 'பாதை உறுப்பு தவறு' என்று எக்ஸ்செட் மறுத்துவிடும். சேர்த்த பிறகு எக்ஸ்செட்டுக்கு 'எஃப்பி ரீஹாஷ்' என்று கொடுங்கள்.

தொலைவில் உள்ள கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகச் செயலியைத் திறந்தேன். எழுத்துருவை எங்கே நிறுவுவது?

பழைய வகைச் செயலி என்றால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினியில், ஏனென்றால் எக்ஸ் சேவையகம் இங்கேதான் ஓடுகிறது. ஃபான்ட்கான்ஃபிக் பயன்படுத்தும் புதிய செயலி என்றால் தொலைவில் உள்ள கணினியில். எழுத்தை அது அங்கேயே வரைந்து படமாக அனுப்புகிறது.

ஃபிளாட்பேக் செயலியில் மட்டும் என் எழுத்துரு வரவில்லை.

செயலியைக் கணினியின் மற்ற பகுதிகளிலிருந்து வேலி போட்டுப் பிரித்து ஓட்டும் ஃபிளாட்பேக், கணினியின் எழுத்துருக் கோப்புறைகளை உள்ளே காட்டத்தான் செய்கிறது. ஆனால் எழுத்துரு வேறெங்கோ இருந்து, கோப்புறையில் இணைப்பு மட்டும் இருந்தால், இணைப்பு சுட்டும் இடம் வேலிக்கு வெளியே போய்விடுகிறது. உண்மையான கோப்பையே வையுங்கள்.

மற்றவர் அனுப்பிய ஆவணத்தில் வரிகள் இடம் மாறிப் பக்க எண்ணிக்கை கூடுகிறது.

ஏரியல், கலிப்ரி உங்களிடம் இல்லை. வேறு அகலமுள்ள எழுத்துரு பதிலுக்கு வந்திருக்கிறது. ஏரியலுக்கு லிபரேஷன் சான்ஸ், கலிப்ரிக்கு கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்கு கேலடியா நிறுவுங்கள். எழுத்துக்கு எழுத்து அகலம் ஒத்துப்போகும்படி செய்தவை, வரி உடையாது.

எல்லாம் பார்த்தும் தீரவில்லை. வழு அறிக்கையில் என்னென்ன கொடுக்க வேண்டும்?

முதலில் யாரிடம் கொடுப்பது என்று தெரிய வேண்டும். அதே எழுத்துருக் கோப்பை எச்பி-வியூவில் பாருங்கள். அங்கேயும் தவறாக வந்தால் எழுத்துருவை உருவாக்கியவர்களிடம் தொடங்குங்கள். அங்கே சரியாக வந்து செயலியில் தவறாக இருந்தால் செயலிக்காரர்களிடம். எஃப்சி-மேட்ச்சை 'வி' தெரிவோடு ஓட்டிக் கிடைக்கும் முழு விடை, எழுத்துருவின் பதிப்பு எண், எக்ஸா வேலண்டா, செயலி பொதியாக வந்ததா ஃபிளாட்பேக்கா என்பது எல்லாம் வேண்டும். சிதைந்த சொல்லைப் படமாக மட்டும் அனுப்பாமல் நகலெடுக்கக்கூடிய உரையாகவும் கொடுங்கள். படத்தை வைத்து எந்த எண் வரிசையில் அடித்தீர்கள் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

தமிழ் வடிவச் சிக்கல் என்றால், சரியாகத் தெரியும் படம் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். பராமரிப்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். 'இரண்டாவது எழுத்தின் கொம்பு இடப்பக்கம் நிற்க வேண்டும், இங்கே வலப்பக்கம் நிற்கிறது' என்று இடத்தைச் சுட்டி ஒரு வரி எழுதினால் அவர் அங்கிருந்து வேலையைத் தொடங்கிவிடுவார்.